பழைய உரிமையில் புதிய தளம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதிக் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உன் மடிக்கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது. அதற்கு விண்டோஸ் 11 இலவச மேம்படுத்தலாகக் கிடைக்கிறது. கருவியோ மெதுவாகிவிட்டது. ஆகவே எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவினால் என்ன என்று நினைக்கிறாய். கடையில் கேட்டால், "அப்கிரேடை வைத்து ஃபார்மட் அடிக்க முடியாது, லைசென்ஸ் போய்விடும், வேண்டுமானால் வேறு ஓஎஸ் போட்டுத் தருகிறோம்" என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு காலத்து உண்மை இருந்தது, இன்றைக்கு அது பொருந்தாது. ஒரு மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமை உனக்கு எங்கிருந்து வந்தது என்பது ஒரு விஷயம்; அதை வன்தட்டில் எப்படி நிறுவுகிறாய் என்பது வேறு விஷயம். முதலாவது பழையதிலிருந்து வரலாம். இரண்டாவது முற்றிலும் புதிதாக இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை மட்டுமே.

இரண்டும் எப்படி ஒன்றாகக் குழம்பின என்பதற்கு வரலாறே சான்று. விண்டோஸ் பெட்டியில் அடைத்துக் குறுவட்டாக விற்கப்பட்ட காலத்தில், முழுப் பதிப்பு ஒரு விலை, அப்கிரேடு பதிப்பு அதைவிடக் குறைந்த விலை. முந்தைய பதிப்பை ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவருக்கான சலுகை அது. சலுகைக்குத் தகுதி உண்டா என்று எப்படியாவது சோதிக்க வேண்டுமே! எக்ஸ்பியின் அப்கிரேடு குறுவட்டைக் கொண்டு வெறும் வன்தட்டில் நிறுவத் தொடங்கினால், நடுவில் பழைய பதிப்பின் குறுவட்டைப் போட்டுக் காட்டச் சொல்லும். காட்டினால் மேலே போகும். அதாவது சுத்தமாக நிறுவுவதற்கு அன்றே தடை இல்லை. பழைய உரிமைக்குச் சான்று மட்டுமே கேட்கப்பட்டது. 2007இல் வந்த விஸ்டா இந்த நல்ல வழக்கத்தை மாற்றியது. பழைய விண்டோஸுக்குள் இருந்தபடி நிறுவலைத் தொடங்கினால்தான் அப்கிரேடு திறவுகோலை (புராடக்ட் கீயை) ஏற்றது. உரிமைச் சோதனையை நிறுவும் முறையோடு முடிச்சுப் போட்டதால் வந்த சிக்கல் இது. மக்கள் அதற்கும் வழி கண்டார்கள். திறவுகோல் இல்லாமலே விஸ்டாவை ஒருமுறை நிறுவி, அதற்குள்ளிருந்தே மறுபடி அப்கிரேடாக நிறுவினார்கள். பழைய விண்டோஸ் வைத்திருந்தவருக்கு அது நியாயமான சுற்றுவழி. எதுவுமே வாங்காதவருக்கும் அதே வழி திறந்திருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆகவே ஒரு நிறுவல் நிரல் நம்மைத் தடுப்பதாலேயே நமக்கு உரிமை இல்லை என்றாகிவிடாது. அது விட்டுவிடுவதாலேயே உரிமை வந்துவிடவும் செய்யாது.

விண்டோஸ் 10 வந்தபோது இந்த முடிச்சை மைக்ரோசாப்ட் நிறுவனமே அவிழ்த்தது. 2015 ஜூலை 29 அன்று அது வெளியானபோது, விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டுக்கு இலவச மேம்படுத்தல் தரப்பட்டது. தொடக்கத்தில், பழையதன் மேலேயே ஒருமுறை மேம்படுத்திவிட்டுத்தான் பிறகு துடைத்து நிறுவ முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 1511 பதிப்பிலோ, வெறும் வன்தட்டில் நிறுவும்போதே விண்டோஸ் 7 அல்லது 8இன் திறவுகோலைக் கொடுத்தால் போதும் என்றாயிற்று. பழைய திறவுகோல் உரிமைக்குச் சான்று. வன்தட்டில் பழைய விண்டோஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் அந்த வாசல் என்றென்றைக்கும் திறந்திருக்கவில்லை. அறிவித்த ஓராண்டு முடிந்த பிறகும் விண்டோஸ் 7, 8 திறவுகோல்கள் வழியாகக் கிடைத்துவந்த இலவச மேம்படுத்தலை 2023 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள். உரிமைக்குக் கால எல்லை உண்டு என்பதால், எந்த வேலையையும் தொடங்குமுன் இன்று என்ன நிலை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய நிலை உனக்குச் சாதகமாகவே இருக்கிறது. விண்டோஸ் 10 உன் கருவியில் முறையாகச் செயலாக்கப்பட்டிருந்தால், அந்தக் கருவியின் வன்பொருள் அடையாளத்தோடு சேர்த்து 'டிஜிட்டல் உரிமம்' ஒன்று மைக்ரோசாப்ட்டின் வழங்கியில் பதிவாகியிருக்கும். அமைப்புகளில் 'ஆக்டிவேஷன்' பக்கத்தைத் திறந்தால் இது தெரியும். வன்தட்டைத் துடைப்பதால் வழங்கியில் உள்ள பதிவு அழியாது. அதே கருவியில் அதே வகைப் பதிப்பை நிறுவி இணையத்தோடு இணைத்தால் தானாகவே செயலாகிவிடும். 'அதே வகை' என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஹோம் உரிமம் புரோ பதிப்பைச் செயலாக்காது. இந்தியாவில் விற்கப்படும் பல மடிக்கணினிகளில் இருப்பது 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' என்ற பதிப்பு; எதை வைத்திருக்கிறாய் என்று குறித்து வைத்துக்கொள். மதர்போர்டை மாற்றினால்தான் சிக்கல் வரும். அதற்காகவே உரிமத்தை உன் மைக்ரோசாப்ட் கணக்கோடு முன்கூட்டியே இணைத்து வைப்பது நல்லது.

பழைய உரிமையும் புதிய அடித்தளமும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதற்கு வரலாற்றிலிருந்து ஒரு சான்று வேண்டுமா? சோழ மன்னன் இராசேந்திரனின் அரசுரிமை அவன் தந்தை இராசராசனிடமிருந்து வந்தது. 1012இல் இளவரசுப் பட்டம், 1014இல் முழு ஆட்சி. இராசகேசரி, பரகேசரி என்று சோழர்கள் மாறி மாறிச் சூடிய பட்டங்களின் வரிசையில், இராசகேசரிக்குப் பின் பரகேசரியாகத்தான் அவனும் வந்தான். மரபில் ஒரு கண்ணியும் அறவில்லை. ஆனால் தந்தை வளர்த்த தஞ்சையிலேயே அவன் தங்கிவிடவில்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே புதிதாக நகரம் அமைத்து, ஏறத்தாழ 1025இல் தலைநகரை அங்கே மாற்றினான். கோயிலும் மாளிகையும் சோழகங்கம் என்னும் ஏரியும் புதிதாகத் திட்டமிட்டு எழுந்தன. சோழர் ஆட்சி முடிந்த 1279 வரை, இரண்டரை நூற்றாண்டுக் காலம், அதுவே தலைநகர். புது மண்ணில் கட்டியதால் அவன் சோழன் அல்லாமல் போய்விடவில்லை. இந்த ஒப்புமை ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இராசேந்திரன் புது நகரம் கண்டபோது தஞ்சை அழியவில்லை. பெரிய கோயில் இன்றும் நிற்கிறது. நீ வன்தட்டைத் துடைத்தால் பழையது மிஞ்சாது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். பழையதன் மேலேயே மேம்படுத்தினால் படங்கள், கோப்புகள், செயலிகள் எல்லாம் அப்படியே இருக்கும்போது எதற்காக இந்தப் பாடு? இந்த மறுப்பில் வலு உண்டு. மேம்படுத்தும் முறை பழைய நாள்களைவிட இப்போது வெகுவாகத் தேறிவிட்டது. மேம்படுத்தியபின் பழைய அமைப்பு 'விண்டோஸ்.ஓல்டு' என்ற கோப்புறையில் இருக்கும். மனம் மாறினால் 10 நாள்களுக்குள் திரும்பிவிடலாம். துடைத்து நிறுவினால் அந்த வசதி கிடையாது. ஆகவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கருவியை வெறும் ஆசைக்காகத் துடைக்காதே. ஆனால் மேம்படுத்தல் எல்லாவற்றையும் சரிசெய்வதில்லை, இருப்பதில் பெரும்பகுதியைச் சுமந்துகொண்டு போகிறது. பழுதான அமைப்புகள், நீக்கியும் எச்சம் விட்ட நிரல்கள், கருவி வாங்கும்போதே திணித்துத் தந்த சோதனைச் செயலிகள் எல்லாம் கூடவே வரலாம். தீநிரல் புகுந்திருந்தால் அதுவும் வரலாம். வைரஸ் சந்தேகம் இருந்தாலும், பிழைகள் தொடர்ந்து வந்தாலும், வேறொருவர் பயன்படுத்திய கருவியை வாங்கியிருந்தாலும், வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி மாட்டினாலும் சுத்தமாக நிறுவுவதே சரி. ஒன்றை மட்டும் மறக்காதே. வன்தட்டு தேய்ந்தோ நினைவகம் போதாமலோ மெதுவாகும் கருவியை எந்த நிறுவலும் வேகமாக்காது. காரணம் எதுவென்று முதலில் கண்டுபிடி.

அடுத்த மறுப்பு அச்சம்: ஏதாவது தொலைந்துவிட்டால்? இந்த அச்சம் நல்லது. அதைத் தயாரிப்பாக மாற்று. கோப்புகளை வெளி வன்தட்டில் படியெடு. படியெடுத்தவற்றை இன்னொரு கணினியில் திறந்து பார். திறக்காத நகல் நகல் ஆகாது. தமிழில் எழுதுகிறவர்கள் எழுத்துருக்களை மறந்துவிடுவார்கள். உன் வீட்டில் யாராவது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்திருந்தால், அவை இல்லாத புதிய அமைப்பில் அந்தக் கோப்பு வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எழுத்து அழிந்திருக்காது, காட்டும் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். ஆகவே எழுத்துருக் கோப்புகளையும் எடுத்து வை. ஒருங்குறியில் எழுதியவற்றுக்கு இந்தக் கவலை இல்லை. தமிழ்99 விசைப்பலகையும் புதிய விண்டோஸிலேயே இருக்கிறது. கடைக் கணக்குக்கு டேலி வைத்திருந்தால், வன்தட்டைத் துடைக்குமுன் அதன் உரிமத்தைச் 'சரண்டர்' செய்ய வேண்டும். ஒவ்வொரு மென்பொருளின் உரிமையும் ஒவ்வோர் இடத்தில் குடியிருக்கிறது. விண்டோஸுக்குப் பொருந்துவது டேலிக்குப் பொருந்தாது. 'பிட்லாக்கர்' பூட்டு போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புத் திறவுகோலை எழுதி வை. சி டிரைவை மட்டும் துடைத்து டி டிரைவை விட்டுவைத்தால், அந்த எண் இல்லாமல் டி டிரைவ் திறக்காமல் போகலாம். வைஃபைக்கான டிரைவரையும், உன் மாடலுக்குத் தேவையானால் சேமிப்பகத்துக்கான டிரைவரையும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து முன்பே இறக்கி வை. இவை இல்லாவிட்டால் நிறுவும்போது வன்தட்டே கண்ணில் படாமலோ, நிறுவியபின் இணையம் கிடைக்காமலோ திண்டாட நேரும்.

இவ்வளவும் முடிந்தபின் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மைக்ரோசாப்ட்டின் தளத்திலிருந்தே நிறுவல் கருவியை இறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள பென்டிரைவில் ஏற்று. அந்தப் பென்டிரைவில் இருப்பவை அழிந்துவிடும் என்பதை நினைவில் வை. அதிலிருந்து கணினியைத் தொடங்கு. திறவுகோல் கேட்டால், என்னிடம் இல்லை என்னும் தெரிவைத் தேர்ந்தெடு. உன் உரிமம் வழங்கியில் இருக்கிறது. வன்தட்டின் எந்தப் பகிர்வில் (பார்ட்டிஷனில்) நிறுவுவது என்று கேட்கும் திரையில்தான் நிதானம் வேண்டும். அளவைப் பார்த்து, எது பழைய விண்டோஸ், எது உன் கோப்புகள் என்று உறுதிசெய்துகொண்டே நீக்கு. ஐயம் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். நீக்கு என்று சொல்லும்வரை எதுவும் போகாது.

"இவ்வளவு எதற்கு, கொஞ்சம் பணம் கொடுத்தால் கடையில் ஆக்டிவேட் பண்ணியே தருகிறார்களே" என்பார்கள். எல்லாக் கடைகளையும் நான் குறை சொல்லவில்லை; முறையாகச் செய்பவர்கள் நிறையப் பேர். ஆனால் உரிமச் சோதனையை ஏமாற்றும் 'கிராக்' போட்டுத் தரும் வழக்கத்தை ஏற்க முடியாது. அப்படிப்பட்ட நிரல்கள் பல, முதலில் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்கின்றன. யார் எழுதியது என்று தெரியாத நிரலுக்கு முழு அதிகாரம் கொடுத்துவிட்டு, அந்தக் கணினியில் வங்கிக் கணக்கையும் தேர்வு விண்ணப்பத்தையும் திறப்பது எப்படிச் சுத்தமான நிறுவல் ஆகும்? இதில் பெரிய வருத்தம் என்னவென்றால், முறையான உரிமம் கையில் இருந்தும் அது தெரியாததால் பலர் கிராக்குக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

கருவியே 11க்குத் தகுதியில்லை என்னும் கடைசி மறுப்புதான் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலருக்கும் உண்மையான தடை. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பகம், அனுமதிப் பட்டியலில் உள்ள புதிய செயலி எல்லாம் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்து, அக்காவிடமிருந்து தம்பிக்குக் கை மாறிய பழைய கருவிகளில் பல இந்தத் தகுதியை எட்டா. விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. தனிநபர்களுக்கு அறிவித்த பாதுகாப்பு நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை. தகுதிச் சோதனையை ஏமாற்றி 11ஐ ஏற்ற வழிகள் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட கருவிக்குப் புதுப்பிப்புகள் வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை. இங்கே நேர்மையான விடை லினக்ஸ். அரசு தந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு சேர்ந்தே வந்த பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது, தமிழிலும் இயங்கும். என் வாதத்துக்கும் லினக்ஸ் சான்றாகிறது. அங்கே உரிமம் எல்லோருக்கும் பொது. உரிமைக் கேள்வியே எழாத அந்த இடத்திலும், மேலேயே மேம்படுத்துவதா, துடைத்து நிறுவுவதா என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. கோப்புகளுக்கென்று 'ஹோம்' பகிர்வைத் தனியே பிரித்து வைத்தால், அதைத் தொடாமல் அமைப்பை மட்டும் புதிதாக நிறுவவும் முடியும்.

ஆகவே தம்பி, வரிசையை மாற்றாமல் செய். முதலில் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பார்த்து உரிமத்தையும் பதிப்பையும் குறித்துக்கொள். கருவி 11க்குத் தகுதியானதா என்று மைக்ரோசாப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியால் சோதி. நகல் எடு, எடுத்த நகலைத் திறந்து பார். துடைப்பது இவை மூன்றுக்கும் பிறகு. முடித்தபின் உன் வகுப்பில் இதே குழப்பத்தில் இருக்கும் இன்னொருவருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடு. தன்னிடம் என்ன உரிமை இருக்கிறது என்று தெரிந்தவரை யாரும் எளிதில் பயமுறுத்திப் பணம் பறிக்க முடியாது.

அன்புடன்,
உன் அண்ணன்