அரங்கின் வாயில் அனைவருக்கும்

பெங்களூரு மாநகரின் பழைய கண்டோன்மென்ட் பகுதியைச் சார்ந்த குடியிருப்பு ரிச்சர்ட்ஸ் டவுன். இங்கிருந்து ஊன்றுகோல் துணையுடன் நடக்கும் முதியவர் ஒருவரும், பார்வையற்ற மாணவி ஒருத்தியும் மாலையில் நாடகம் காணப் புறப்படுவதாகக் கொள்ளலாம். ரவீந்திர கலாக்ஷேத்திரம் ஜே.சி. சாலையில் உள்ளது, 2004-இல் திறக்கப்பட்ட ரங்க சங்கரா தெற்கே ஜே.பி. நகரில் உள்ளது. எந்த அரங்கிற்குச் செல்வதாயினும் நடைபாதை, ஊர்தி, வாயிற்படி, இருக்கை, மேடையின் காட்சியும் ஒலியும் என்னும் ஐந்து கண்ணிகளும் அறுபடாதிருத்தல் வேண்டும். ஒன்று அறுந்தாலும் நுழைவுச் சீட்டு பயனற்றதாகிவிடும்.

சட்டத்தின் நிலை

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். இவர்களுள் பார்வை, செவிப்புலன், இயக்கம் ஆகிய மூன்றிலும் தனித்தனியே 50 இலட்சத்திற்கு மேற்பட்டோர் குறைபாடுடையவர்கள்.

2006-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவு, பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதை மாற்றுத்திறனாளிகளின் உரிமையாக ஏற்கிறது. இந்தியா 2007-இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்கும் பொழுதுபோக்கிற்கும் பயன்படும் தனியார் கட்டடங்களையும் பொதுக் கட்டடங்களாகவே கருதுகிறது. பழைய பொதுக் கட்டடங்களைச் சீரமைக்க விதிகள் வெளியான நாள்முதல் ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டது; 2017 ஜூனில் விதிகள் வெளியாயின; 2022 ஜூனில் அவகாசம் முடிவுற்றது. அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக நின்றுவிடலாகாது, கட்டாயமானவையாக வகுக்கப்பட வேண்டும் என 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கட்டடமும் இருக்கையும்

ஓர் அடி உயரத்தை எட்டச் சாய்தளம் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் இருத்தல் வேண்டும். இதனினும் செங்குத்தானால் சக்கர நாற்காலியைத் தாமே இயக்குதல் அரிது. நாற்காலிக்கான இடம் ஒரே மூலையில் ஒதுக்கப்படாமல் பல வரிசைகளில் அமைவதும், அருகில் துணைவருக்கு இருக்கை இருப்பதும் நலம். கழிப்பறை, சிற்றுண்டி விற்கும் இடம், தீ விபத்தின்போது வெளியேறும் வழி ஆகியவற்றையும் இதே அளவுகோலால் சோதிக்க வேண்டும். அபாய அறிவிப்பு ஒலியாக மட்டுமின்றி ஒளியாகவும் அமைதல் இன்றியமையாதது.

காட்சியும் ஒலியும்

படியைக் கடந்தவுடன் தடை நீங்கிவிடுவதில்லை. காதொலிக் கருவி அணிந்தோர்க்கு ஒலிபெருக்கியின் ஓசையைக் கூட்டுவதால் பயனில்லை. இரைச்சலும் உடன் கூடும். தரையைச் சுற்றிப் பதிக்கும் கம்பி வளையம், ஒலிவாங்கியின் ஓசையைக் காந்தப் புலத்தின் வழியே, அதற்கேற்ற கருவிக்கு நேரே சேர்க்கிறது. சைகை மொழியாளர் வெளிச்சத்தில் நிற்க வேண்டும். அவரையும் நடிகரையும் ஒருசேரக் காணும் இருக்கைகளைச் செவித்திறன் குறைந்தோர்க்கு ஒதுக்க வேண்டும். நாடகத்தில் வசனத்தின் வேகம் இரவுக்கு இரவு மாறும். ஆதலின் எழுத்துத் திரையைத் திரைப்படத்தைப்போல் தானே ஓடவிட இயலாது. ஒருவர் உடனிருந்து வரிக்கு வரி நகர்த்த வேண்டும்.

பார்வையற்றோர்க்கு, வசனங்களின் இடைவெளியில் மேடை நிகழ்வைச் சுருங்கக் கூறும் வருணனை செவிக்கருவி வழியே வழங்கப்படுகிறது. 1981-இல் வாஷிங்டன் நகரின் அரீனா ஸ்டேஜ் அரங்கில் இம்முறை தொடங்கியது. நாடகத்திற்கு முன்பு மேடைப் பொருள்களையும் உடைகளையும் தொட்டறியச் செய்தல் வருணனைக்குத் துணைபுரியும். ஆட்டிசம் உடையோர்க்கு உரிய காட்சிகளில் அரங்க விளக்குகள் முற்றிலும் அணைக்கப்படுவதில்லை, பேரொலி குறைக்கப்படுகிறது, இடையில் எழுந்து சென்று மீண்டு வர உரிமையுண்டு. மின்னி மறையும் விளக்குகள் வலிப்பு நோயுடையோர் சிலருக்குத் தீங்கு செய்யுமாதலால், அவற்றை முன்கூட்டியே அறிவித்தல் கடமையாகும்.

மரபு காட்டும் வழி

இக்கருத்து நம் நாட்டிற்கு முற்றிலும் அந்நியமன்று. தெருக்கூத்தில் பாத்திரம் திரைக்குப் பின்னின்று தன் பெயரையும் பெருமையையும் பாடிய பின்னரே வெளிப்படும். கட்டியங்காரன் நிகழ்வதை எடுத்துரைப்பான். கண் காணாதவரும் வந்தவர் யார் என அறிவார். படிகளற்ற திறந்த வெளியில் நடப்பதால் முதியோரும் எளிதில் வந்தமர்ந்தனர். உயர்ந்த மேடையும் இருண்ட கூடமும் வந்தபோது இவ்வசதிகள் சில மறைந்தன.

முதற்படி

எல்லாவற்றிற்கும் பெருஞ்செலவு தேவையில்லை. நுழைவுச் சீட்டு விற்கும்போதே உதவி தேவையா என வினவுதல், கதைச் சுருக்கத்தைப் பிரெயில் எழுத்திலும் பெரிய எழுத்திலும் அளித்தல், ஊழியர்க்குப் பயிற்சி தருதல், குறித்த ஒரு நாளிலேனும் சைகை மொழியுடன் நாடகம் நிகழ்த்துதல் ஆகியவற்றை உடனே தொடங்கலாம். எதனை முதலில் திருத்துவது என்பதை மாற்றுத்திறனாளிகளையே அழைத்துக் கேட்டு முடிவு செய்தல் வேண்டும். கட்டட அனுமதி வழங்கும் அலுவலர் வரைபடத்திலேயே சாய்தளத்தை வலியுறுத்தினால் பின்னர் இடித்துக் கட்டும் செலவு மிஞ்சும்.

நாடகம் என்பது நடிகரும் மக்களும் ஒரே கூரையின்கீழ் ஒரே பொழுதில் கூடி நிகழ்த்தும் கலை. ரிச்சர்ட்ஸ் டவுனின் முதியவரும் மாணவியும் பிறர் தயவை நாடாமல் அக்கூட்டத்தில் இடம் பெறும் நாளில்தான் அரங்கு உண்மையில் பொது அரங்காகும்.