கைநாட்டு சம்மதமாகுமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

மனிதரை வைத்து ஆய்வு செய்வோர் முதலில் அவர்களுடைய சம்மதத்தைப் பெற வேண்டும் என்பது அறிவியல் பயிலும் நாம் அனைவரும் அறிந்த விதி. நாஜி முகாம்களில் கைதிகள் மீது கொடிய சோதனைகள் நடத்திய மருத்துவர்களுக்கு 1947-ஆம் ஆண்டு நூரம்பர்க் நகரில் தீர்ப்பு வழங்கப்பட்டது. அத்தீர்ப்பில் வகுக்கப்பட்ட பத்து நெறிகளுள் முதல் நெறியே இதுதான். நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-இல் இதுபற்றிக் கொள்கை அறிக்கை வெளியிட்டது. 2000, 2006, 2017 ஆகிய ஆண்டுகளில் விரிவான வழிகாட்டு நெறிகளைத் தந்தது. தேர்வில் இவ்வளவு எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். நான் எழுத வந்தது இதுவன்று.

சென்ற ஆண்டு ஒரு சிறு செயல்திட்டத்திற்காக, செல்லூரில் எங்கள் தெருவிலுள்ள முப்பது பெண்களின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைக் கண்டேன். விரல் நுனியில் குத்தி ஒரு துளி எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கலந்து, நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் சாலி முறைதான். எல்லாரும் தறி வேலை செய்வோர், அல்லது வீட்டிலிருந்தபடி தார் சுற்றுவோர். என் தாயாரும் அவர்களுள் ஒருவர்.

சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் அதை எவருக்கும் படித்துக் காட்டவில்லை. "காலேஜுக்கு வேணும் அத்தை, இதிலே விரலை வையுங்க" என்றேன். முதலில் என் தாயார் வைத்தார். பிறகு தெருவே வைத்தது. எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போகும் முதல் பெண் நான். நான் கேட்டு யார் மறுப்பார்கள்? அவர்கள் மறுக்க முடியாத இடத்தில் நான் நின்று கேட்டேன் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

வரிசை எண் 17-க்கு உரியவர் பக்கத்து வீட்டு அத்தை. அவருடைய அளவு 7 கிராம். பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே இரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. 8-க்குக் கீழே போனால் அது கடுமையான சோகை. நான் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டேன், சராசரி கண்டேன், அட்டவணை வரைந்தேன். அத்தையிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை; சொல்ல வேண்டும் என்று தோன்றவேயில்லை. நான்கு மாதம் கழித்து அவர் தறிக்குழியருகே மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் இரத்தம் ஏற்றினார்கள். பார்க்கப் போனபோது அவர் கேட்டார்: "நீயுந்தான ரத்தம் எடுத்துப் பாத்த தாயி? ஒண்ணுஞ் சொல்லலையே, நல்லாத்தேன் இருக்கோம்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் சொல்லாததையே நற்செய்தியாக எடுத்துக்கொண்டிருந்தார். நான் சோதனை செய்யாமலிருந்தால், ஒருவேளை களைப்பு மிகுந்தபோதே வைத்தியரிடம் போயிருப்பார்.

அதன் பிறகே இப்பொருள் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், 10 முதல் 14 வயதுச் சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஓர் ஆய்வு நடந்தது, 2010-இல் நிறுத்தப்பட்டது. தடுப்பூசி நல்லதா என்பதன்று இங்கே கேள்வி. அது நல்ல தடுப்பூசியே. ஆனால் 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு தந்த அறிக்கையைப் பாருங்கள்: ஆந்திரத்தின் 9,543 படிவங்களில் 1,948-இல் கைநாட்டு, 2,763-இல் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளரின் கையெழுத்து! படிவம் நிரம்பியிருந்தது. சம்மதம் எங்கே இருந்தது?

இதைவிட என்னை அதிகம் சிந்திக்க வைத்தது நமக்கு அருகிலேயே, திண்டுக்கல் மாவட்டத்தில், 2000 முதல் 2006 வரை நடந்த ஆய்வு. அம்பிளிக்கையிலுள்ள மருத்துவ நிலையமும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் அதில் பங்கேற்றன. கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவினால், புற்றுநோயாக மாறக்கூடிய பகுதி வெளுத்துத் தெரியும். விலை மலிவான சோதனை. கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். இது உயிரைக் காக்குமா என அறிய, 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களை ஊர்த் தொகுதிகள் வாரியாக இரு பிரிவாக்கினர். 49,311 பேர் கொண்ட பிரிவுக்குச் சோதனை அளிக்கப்பட்டது. 31,343 பேர் வந்து செய்துகொண்டனர். மற்றொரு பிரிவில் 30,958 பேர். அவர்களுக்கு ஊரில் அப்போது இருந்த வழக்கமான மருத்துவம் மட்டுமே. முடிவு 2007-இல் வெளியாயிற்று: சோதனை அளிக்கப்பட்ட பிரிவில் இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது. மற்றப் பிரிவில் 92 பெண்கள் இந்நோயால் இறந்திருந்தனர்.

திண்டுக்கல், மும்பை, உஸ்மானாபாத் ஆகிய மூன்று ஆய்வுகளிலும் சோதனை அளிக்கப்படாத பெண்கள் 1,38,624 பேர் என்றும், அவர்களுள் 254 பேர் இறந்தனர் என்றும், எரிக் சூபா என்னும் அமெரிக்க மருத்துவர் 2014-இல் இந்திய மருத்துவ நெறியியல் இதழில் எழுதிக் கண்டித்தார். கருப்பைவாய்ச் சோதனை பயன் தரும் என்பது மேலைநாடுகளில் முன்பே தெரிந்ததுதானே என்பது அவர் வாதம். இந்தியாவில் பெரும்பாலான பெண்களுக்கு அன்று எச்சோதனையும் இல்லை, ஆகவே எவரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை, ஒப்பிடாமல் உண்மை காண முடியாது என்பது ஆய்வாளர் தரப்பு. இவ்வாதத்தை எளிதில் தள்ள இயலாது. 2007-இல் தேனி, தஞ்சை மாவட்டங்களில் அரசே இச்சோதனையை முன்னோடித் திட்டமாகத் தொடங்கியது. இன்று நம் அன்னையர் அரசு மருத்துவமனையில் இதைச் செய்துகொள்ள முடிகிறது.

ஆயினும் நான் அந்த 30,958 பேரில் ஒருத்தியாக இருந்தால் எதை அறிய விரும்புவேன்? இப்படியொரு சோதனை இருக்கிறது. அது எனக்குத் தரப்படாது. நான் விரும்பினால் வேறிடம் போய்ச் செய்துகொள்ளலாம். இந்த மூன்றையும் என் மொழியில் கேட்ட பிறகு நான் வைக்கும் கைநாட்டுத்தான் சம்மதம். ஆய்வாளர் எதைச் செய்யப் போகிறார் என்பதை மட்டுமன்று, எதைச் செய்யப் போவதில்லை என்பதையும் சொல்வதே நேர்மை. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் சம்மதம் பெறும்போது, ஆய்வில் தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டுமென 2017 நெறிகள் கூறுவதும் இதனால்தான். என் அத்தைக்கு அப்படியொரு சாட்சி இருந்திருந்தால், "முடிவைச் சொல்வாயா?" என்று அவராவது என்னைக் கேட்டிருப்பார்.

சென்ற தை மாதம் தமிழில் ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு முப்பது வீடுகளுக்கும் மறுபடி போனேன். எதற்காக இரத்தம் எடுத்தேன், இதனால் பணமோ மருந்தோ வராது, அவரவர் அளவு இவ்வளவு, விருப்பமில்லையென்றால் எண்ணை நீக்கிவிடுகிறேன் என்று படித்துச் சொன்னேன். ஒன்பது பேருடைய அளவு பத்துக்கும் கீழே. அவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துப் போனேன். பலர் ஏதோ அரசு உதவித்தொகை வரும் என்று எண்ணியே விரல் வைத்திருந்தனர். நால்வர் நீக்கச் சொன்னார்கள். அவர்களுள் என் தாயாரும் ஒருவர். "அன்னைக்கு நீ கேட்டேன்னு வச்சேன்" என்றார். நீக்கிவிட்டேன். அத்தை தம் எண் இருக்கட்டும் என்றார். இருபத்தாறு பேரின் அளவுகளைக் கொண்டு அட்டவணையை மீண்டும் வரைந்திருக்கிறேன்.