இறங்கத் தெரிந்தது, ஏறத் தெரியவில்லை

அந்த வீடியோ 14 விநாடி. பாலியில் உலுவாத்துப் பாறை விளிம்பில் ஒரு கடையில் உட்கார்ந்து, இளநீர் குடித்துக்கொண்டே என் நண்பன் எடுத்தது. நீலக் கடலில் ஒரு வெள்ளைப் புள்ளி இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டே இருக்கும். பின்னால் அவன் குரல்: "மச்சான், எங்கடா போற?" எங்கள் சனிக்கிழமை அலைச்சறுக்கு வாட்ஸ்அப் குழுவில் இன்னும் அது சுற்றுகிறது. அந்தப் புள்ளி நான். எங்கே போனேன் என்று யாரும் கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பாலித் தீவு ஜிம்பாரன் பக்கம் இடுப்பு மாதிரிச் சிறுத்து, அதற்குத் தெற்கே மறுபடி அகலும். அந்தச் சுண்ணாம்புப் பாறை மேடுதான் புக்கிட் தீபகற்பம். மலேசியா போய்வந்தவர்களுக்குப் பழகிய சொல். புக்கிட் என்றால் குன்று. மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று. உலுவாத்து இருக்கும் மேற்குக் கரையில் அது நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் அலையின் முகம் இஸ்திரி போட்டதுபோல் நிற்கும். டிக்கெட், ஸ்கூட்டர், வாடகை போர்டு எல்லாம் சுலபம், நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். போர்டு மட்டும் ஆசைப்பட்டதைவிட அரை அடி நீளமாக எடுங்கள். நான் எடுத்தேன். சிரித்தவர்கள் சிரித்தார்கள், அலை பிடித்தது நான்.

நீங்களும் என்னைப்போல நாற்பதைத் தொட்டவர், ஓ.எம்.ஆரில் வேலை, சனி ஞாயிறு விடிகாலை கோவளம் என்று வைத்துக்கொள்கிறேன். நமக்குப் பழகியது வலப்பக்கம் ஓடும் அலை. விழுந்தால் மணல். புக்கிட்டின் பேர்போன அலைகளோ இடப்பக்கம் ஓடுபவை. இடது காலை முன்னால் வைக்கும் நம் போன்றவர்களுக்கு அலை முதுகுப் பக்கம் எழும்பும். விழுந்தால் பவளப்பாறை. இரண்டுக்கும் மனதைத் தயார்செய்துகொண்டுதான் போனேன். என்னைக் கவிழ்த்தது இரண்டுமில்லை, ஓதம்.

சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டரைச் சுற்றித்தான். பத்து வருடம் அலை பிடித்தும் ஓத அட்டவணையை நான் பார்த்ததே இல்லை. பார்க்காமலே காலம் ஓடிவிட்டது. பாலியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். காலையில் முழங்கால் தண்ணீர் இருந்த இடத்தில் மதியம் ஆள் மூழ்கும். நான் இறங்கியது பௌர்ணமிக்கு மறுநாளுக்கு மறுநாள்.

உலுவாத்துக்குள் ஒரு குகை வழியாகத்தான் போக வேண்டும். படி இறங்கி, பாறை இடுக்கில் குனிந்து, குகைத் தரையில் நின்று, அலை வந்து பின்வாங்கும்போது அதோடு பாய வேண்டும். இந்த அலையை உலகத்துக்குக் காட்டியது 1972-இல் வந்த 'மார்னிங் ஆஃப் தி எர்த்' என்ற படம். அதைப் பத்துத் தடவை பார்த்தவன் என் நண்பன். அவனுடைய மொத்தக் கடலறிவும் அதிலிருந்து வந்தது. "குகைக்குள்ள இறங்கு, அலையைப் பிடி, அதே குகைக்கு வா. அவ்ளோதான்டா." பாறைக்குப் போடும் பூட்டீஸைக் கையில் எடுத்தபோது, "ஸ்கூலுக்கா போற?" என்றான். கழற்றிவைத்தேன். அதற்காக இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை, அவனையும்தான்.

காலை எட்டரைக்கு இறங்கினேன். குகையில் தண்ணீர் முழங்கால்வரை. மூன்று மணி நேரத்தில் ஏழு அலை. அதில் ஒன்று, உண்மையாகவே ஒன்று, வாழ்நாள் அலை. அந்த மயக்கத்தில் நேரம் போனது தெரியவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கரையைப் பார்க்கிறேன், குகைவாய் பாதிதான் தெரிகிறது. ஒவ்வொரு அலையும் உள்ளே போய் இடித்து, பால் பொங்குவதுபோல் வெளியே பொங்குகிறது.

நேராகக் குகையைப் பார்த்துத் துடுப்புப்போட்டேன். அதுதான் தவறு. அங்கே பாறையை ஒட்டி வடக்கே ஒரு நீரோட்டம் இழுக்கிறது, ஓதம் ஏறினால் பலமாக. குகைக்கு ஐம்பதடி இருக்கும்போது குகை என் வலப்பக்கம் நழுவியது. கைக்கெட்டும் தூரத்தில் பாசி பிடித்த சுவர், ஏற இடமில்லை. சுற்றிக்கொண்டு மறுபடி வெளியே போய், மறுபடி நேராகவே வந்தேன். மறுபடி நழுவியது. அந்த 14 விநாடி இந்த இரண்டாவது தடவைதான்.

கோவளத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்த தம்பி மீனவர் வீட்டுப் பையன். தண்ணீரில் கால் வைக்கும் முன் கேட்பான்: "வெள்ளம் எப்படிண்ணா இருக்கு, தெண்டியா வன்னியா?" வெள்ளம் என்றால் நீரோட்டம். தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி. நான் எப்போதும் தலையாட்டிவிட்டு இறங்கிவிடுவேன். உலுவாத்தில் ஓடியது சுத்தமான தெண்டி. குகைக்குத் தெற்கே, பாறை முனைக் கோயில் பக்கம், நன்றாகத் தள்ளிக் குறிவைத்திருந்தால் வெள்ளமே என்னைக் கொண்டுவந்து குகைவாயில் விட்டிருக்கும்.

மூன்றாவது தடவைக்குத் தோளில் வலு இல்லை. வெள்ளம் போகிற பக்கமே போனேன். சுமார் இரண்டு கிலோமீட்டர், பாடாங் பாடாங் மணல்வரை. இப்போதும் சொல்கிறேன், அன்றைக்கு நான் எடுத்த ஒரே சரியான முடிவு அதுதான். குழுவில் "ஓடிட்டான்" என்று எழுதியவர்கள் வந்து அந்தச் சுவரில் ஏறிக் காட்டட்டும். கரைக்குப் பக்கத்தில் ஒரு செட் அலை என்னைப் பாறையில் உருட்டியது. போர்டில் ஒரு ஃபின் போனது. இடது பாதத்தில் மூன்று கீறல், முதுகில் சீப்பு இழுத்த மாதிரி ஒரு வரிசை.

படியேறித் தார்ச்சாலைக்கு வந்தேன். மத்தியான வெயில், வெறுங்கால், ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு சிவப்புத் தடம். ஒரு கடைப் பாட்டி கூப்பிட்டு உட்காரவைத்து, ஒன்றும் கேட்காமல் எலுமிச்சையை வெட்டிப் பாதத்தில் தேய்த்தாள். நான் போட்ட சத்தத்தில் கோழிகள் ஓடின. பிறகு மருத்துவமனையில் பிரஷ் வைத்துத் தேய்த்தது அதைவிட மோசம். பவளக் கீறலை அன்றே தேய்த்துக் கழுவாமல் விடாதீர்கள், சீழ் வைக்கும்.

மற்ற இடங்களைப் பற்றி: பாலங்கானுக்கு ஓதம் ஏறியிருக்கும்போது போங்கள், வற்றினால் பாறை பல்லைக் காட்டும். பிங்கின் சின்ன அலை, ஆனால் உருண்டு மூடும். ஒரு ஜன்னல் அகலத்தில் இருபது பேர் காத்திருப்பார்கள். எனக்குப் பொறுமை இல்லை. இம்பாசிபிள்ஸ் பெயருக்கேற்றதுதான், நம்மைவிட வேகமாக ஓடிவிடும். பாடாங் பாடாங்கின் இடதலை பெரிய கடலில்தான் எழும்பும், அதைக் கரையில் நின்று பாருங்கள். அதே கரையில் இருக்கும் வலதலை குழந்தைக்கும் இடம் கொடுக்கும், கோவளத்துக்காரர்களுக்கு அங்கே வீட்டு ஞாபகம் வரும்.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் மறுபடி உலுவாத்து போனேன். பூட்டீஸ் போட்டுக்கொண்டு, அட்டவணையைக் கைபேசியில் படமெடுத்து, ஓதம் ஏறி முடியும் முன்பே திரும்பினேன். பாறை முனையில் தெரியும் கோயிலைப் பார்த்துத் துடுப்புப்போட்டேன். குகை தானாக வந்தது. ஒரே அலை, உள்ளே மணலில் நிற்கிறேன்.

அதற்கு வீடியோ இல்லை. நண்பன் அந்த நேரம் கோயிலில், குரங்கு பிடுங்கிக்கொண்ட கூலிங் கிளாஸுக்காக அதனிடம் ஒவ்வொரு வாழைப்பழமாக நீட்டிக்கொண்டிருந்தான்.