இணையவழி மருத்துவம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நோயாளியும் மருத்துவரும் வெவ்வேறு இடங்களில் இருந்தபடியே நிகழும் கலந்தாய்வு தொலைமருத்துவம் எனப்படும். இந்திய அரசு 2020 மார்ச் 25 அன்று இதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. அடுத்த மாதமே இ-சஞ்சீவனி சேவை வழியாக நோயாளிகள் வீட்டிலிருந்தே மருத்துவரை அணுகும் வசதியும் தொடங்கியது. இச்சேவைகள் யாரைச் சென்றடைகின்றன என்பது குறித்து நிலவும் சில நம்பிக்கைகள் திருத்தப்பட வேண்டியவை.

நம்பிக்கை: ஊருக்கு இணைய இணைப்பு வந்துவிட்டால் சேவை எல்லாருக்கும் கிட்டிவிடும்.

உண்மை: ஊருக்கு வந்த இணையம் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் கைக்கும் வந்துவிடுவதில்லை. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்கள் 33.3 விழுக்காட்டினர், ஆண்களில் அது 57.1 விழுக்காடு, நாட்டுப்புறப் பெண்களிடையே 24.6 விழுக்காடு மட்டுமே. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தொடர் கவனிப்புத் தேவைப்படும் முதியோர் இந்தக் கணக்கிலேயே இடம்பெறவில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: இணையப் பதிவில் வரிசையும் பரிந்துரையும் இல்லாததால் அதுவே நடுநிலையானது.

உண்மை: 2021 மே மாதம் 18 முதல் 44 வயதினருக்குக் கொரோனாத் தடுப்பூசி தொடங்கப்பட்டபோது, கோவின் தளத்தில் முன்பதிவு செய்தாலன்றி ஊசி இல்லை என்று விதிக்கப்பட்டதால், திறன்பேசியும் விரைவான இணைப்பும் உள்ளவர்களே இடங்களை முந்திக்கொள்ள முடிந்தது. இணையத் தளத்தை மட்டுமே நம்பிய அத்திட்டம், வசதி உள்ளோருக்கும் இல்லாதோருக்கும் இடையிலான எண்மப் பிளவின் காரணமாக அனைவரையும் எட்டாது என்று உச்ச நீதிமன்றம் மே 31 நாளிட்ட ஆணையில் சுட்டிக்காட்டியது. நேரில் பதியும் வழி திறக்கப்பட்ட பின்னரே அந்தத் தடை தளர்ந்தது.

நம்பிக்கை: திறன்பேசி இல்லாதவருக்குத் தொலைமருத்துவத்தால் பயனில்லை.

உண்மை: காணொளி மட்டுமன்றிக் குரல்வழி அழைப்பையும் அரசின் 2020 நெறிமுறைகள் ஏற்கின்றன. மேலும், இ-சஞ்சீவனியின் மற்றொரு முறையில், நோயாளி அருகிலுள்ள நலவாழ்வு மையத்துக்குச் சென்றால், அங்குள்ள நலப் பணியாளர் இரத்த அழுத்தம் முதலியவற்றை அளந்து, அவரைத் தம் கருவி வழியாகத் தொலைவிலுள்ள மருத்துவருடன் இணைத்துவைக்கிறார். இச்சேவையின் கலந்தாய்வுகளில் பெரும்பாலானவை இவ்வகையிலேயே நிகழ்ந்துள்ளன. கருவி இல்லாத நோயாளிக்கும் மருத்துவத்துக்கும் பாலமாக நின்றவர் அப்பணியாளரே.

ஆகவே, இணையவழிச் சேவையைத் தொடங்கும் எந்த மருத்துவமனையும் அதனை மற்றொரு வாசலாகத் திறக்க வேண்டுமேயன்றி, தொலைபேசி எண்ணையும் நேர்ச்சீட்டு வழங்குமிடத்தையும் உதவிக்கு நிற்கும் பணியாளரையும் விலக்கிவிட்டு ஒரே வாசலாக்கிவிடக் கூடாது. ஏனெனில், அவ்வாசலுக்கு வெளியே நிற்க நேர்பவர்கள் பெரும்பாலும் மருத்துவம் மிகுதியாகத் தேவைப்படுபவர்களே.