சின்ன வயிற்றில் எதற்கு இடம்?

அன்புள்ள மகளுக்கு,

பெரியம்மா எழுதிக்கொண்டது.  

பாப்பாவுக்கு அடுத்த வாரம் ஆறு மாதம் முடிகிறது. அதற்குள் நீ குழந்தை உணவை டப்பா டப்பாவாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதில் எது பெரியம்மா நல்லது?" என்று கேட்டிருக்கிறாய். கிராம சுகாதாரச் செவிலியராக நான் ஊர் ஊராகப் போன காலத்திலும் தாய்மார்கள் இதையேதான் கேட்டார்கள். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பாப்பாவின் வயிறு எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள். கிலோவுக்கு 30 மில்லி என்பது ஒரு உத்தேசக் கணக்கு. ஏழு கிலோ பிள்ளை என்றால் ஒரு வேளைக்கு 200 மில்லி சொச்சம்தான் பிடிக்கும். உடம்போ பிறந்தபோது இருந்த எடையைப் போல ஒரு வயதுக்குள் மூன்று மடங்கு ஆகவேண்டும். அவ்வளவு சின்ன இடத்தில் அவ்வளவு பெரிய வேலை நடக்கிறது. அதனால் உள்ளே போகிற ஒவ்வொரு கரண்டிக்கும் பெறுமானம் இருக்கவேண்டும். கீழே நான் எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

அந்த இடத்தை வீணாய் அடைப்பதில் முதல் ஆள் தண்ணீர். பருப்புத் தண்ணீர், சாதம் வடித்த கஞ்சி, நீர்க்க விட்ட ரசம் என்று நம் வீடுகளில் ஆரம்பிப்பார்கள். பருப்பு பாத்திரத்தின் அடியில் தங்கிவிடும், பிள்ளைக்குத் தண்ணீர்தான் போகும். வயிறு நிரம்பியதால் தாய்ப்பாலும் குறையும். நீ செய்யும் உணவைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பார். ஒழுகி ஓடினால் நீர்த்துவிட்டது என்று அர்த்தம். கரண்டியிலேயே நின்று, மெதுவாக நழுவினால் சரியான பதம். பாசிப்பருப்பும் அரிசியும் சேர்த்துக் குழைய வேகவைத்து, நன்றாக மசித்து, அரை ஸ்பூன் நெய் விட்டால் முதல் சாப்பாடு தயார்.

அளவைப் பற்றிக் கவலைப்படாதே. முதலில் இரண்டு மூன்று ஸ்பூன், நாளுக்கு இரண்டு வேளை போதும். எட்டு மாதத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அரைக் கிண்ணம் வரும். கிண்ணம் என்றால் 250 மில்லி பிடிப்பது. ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை. ஒரு வயதுக்கு மேல் முக்கால் கிண்ணம் முதல் ஒரு கிண்ணம் வரை, நடுவில் ஒன்றிரண்டு சிற்றுண்டி. இத்தனைக்கும் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடு என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. மிக்ஸியை எட்டாம் மாதத்தோடு ஓரங்கட்டிவிடு. கையால் மசித்தது, சின்னச் சின்னக் கட்டியாக இருப்பது என்று மாறிக்கொண்டே வரவேண்டும். பத்து மாதம் வரை கூழாகவே கொடுத்துப் பழக்கினால் பிறகு மென்று தின்ன அடம் பிடிப்பார்கள்.

கேழ்வரகை விட்டுவிடாதே. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிற தானியம் அது. ஆனால் சாதா மாவில் கூழ் காய்ச்சினால் சீக்கிரம் இறுகிவிடும், இளக்கத் தண்ணீர் ஊற்றவேண்டிவரும், பழையபடி தண்ணீர்தான் உள்ளே போகும். இதற்கு நம் பாட்டிமார் கண்ட வழி முளைகட்டுவது. கேழ்வரகைப் பல தண்ணீரில் கழுவி, இரவு ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடு. ஒன்றிரண்டு நாளில் வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். பிசுபிசுப்போ வாடையோ இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடு. நல்லதை நிழலில் காயவைத்து, இளஞ்சூட்டில் வறுத்துத் திரி. கருக வறுத்துவிடாதே. முளைவிடும்போது தானியத்தில் உண்டாகும் அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்து இளக்குகிறது. அதனால் அதே அளவு தண்ணீரில் இன்னும் அதிக மாவைக் கரைக்கலாம், பிள்ளையும் சுலபமாக விழுங்கும். இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும் பைட்டேட்டும் முளைகட்டினால் குறையும்.

இரும்புச் சத்துதான் என் பெரிய கவலை. அம்மா வயிற்றிலிருந்து கொண்டுவந்த இருப்பு ஆறு மாதத்தோடு தீர்கிறது. தாய்ப்பாலில் இரும்பு குறைவு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நம் தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. சோற்றுக்கும் பாலுக்கும் குறைவில்லாத வீட்டுப் பிள்ளைகளும் இதில் அடக்கம். நம் வீட்டில் அசைவம் உண்டு என்பதால் சுலபம். ஆட்டு ஈரலை நன்றாக வேகவைத்து மசித்து, வாரத்தில் ஒரு நாள் இரண்டு ஸ்பூன் சோற்றோடு பிசைந்து கொடு. ரத்தம் ஊற என்று சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரலை வாங்கிச் சுட்டுக் கொடுப்பார்களே, அது வெறும் நம்பிக்கை இல்லை, இரும்பு நிறைந்ததுதான். முள் பார்த்து எடுத்த மீன், நன்றாக வெந்த முட்டை இரண்டையும் ஆறு மாதத்துக்குப் பிறகு தொடங்கலாம். முருங்கைக்கீரை, பருப்பு இவற்றிலுள்ள இரும்பு அவ்வளவு சுலபமாக உடம்பில் ஒட்டாது. கூடவே இரண்டு சொட்டு எலுமிச்சையோ, தக்காளியோ, கொய்யா மசியலோ இருந்தால் ஒட்டும். ஆறு மாதம் முதல் வாரம் இருமுறை கொடுக்கவேண்டிய இரும்புச் சத்து சிரப்பை அரசு சுகாதார நிலையத்திலேயே தருகிறார்கள். கேட்டு வாங்கிக்கொள்.

புதிதாக எதைக் கொடுத்தாலும் தனியாகக் கொடு, இரண்டு மூன்று நாள் பார். இருபது முப்பது பொருள் போட்டுத் திரித்த சத்துமாவை முதலிலேயே கொடுத்துவிட்டு உடம்பில் தடிப்பு வந்தால், எது சேரவில்லை என்று யார் கண்டுபிடிப்பது? வேர்க்கடலைக்குப் பயந்து தள்ளிப்போடவும் வேண்டாம். சீக்கிரமே கொடுத்த பிள்ளைகளுக்கு அந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது என்று 2015-இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் மையாக அரைத்துக் கூழில் கலந்து கொடு. கரப்பான் கடுமையாக இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்கு. முழுக்கடலை, சுண்டல், முழுத் திராட்சை, பச்சைக் கேரட் துண்டு, முறுக்கு எதையும் பிள்ளை கைக்கு எட்ட வைக்காதே. மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கித்தான் கொடுக்கவேண்டும்.

இனி சர்க்கரை. ஒரு வயது வரை உப்பு வேண்டாம், இரண்டு வயது வரை சர்க்கரை வேண்டாம். வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரைக் கணக்கில்தான் சேரும். பழச்சாறு வேண்டாம், பழமாக மசித்துக் கொடு. தேனை ஒரு வயதுக்குள் நாக்கில் தடவக்கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, பச்சைப் பிள்ளையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். "ருசி இல்லாமல் பிள்ளை எப்படிச் சாப்பிடும்?" என்று உன் மாமியார், சம்பந்தி அம்மா, கேட்பார். அவர் ருசி வேறு, பிள்ளையின் ருசி வேறு. நம் நாக்குக்குச் சப்பென்று இருக்கும் பூசணி மசியல் அதற்குப் புதுச் சுவை. அவரோடு வாதாடாதே, முளைகட்டும் பொறுப்பை அவரிடம் கொடு. தானே செய்ததில் சர்க்கரை கொட்ட யாருக்கும் மனசு வராது.

டப்பாவுக்கு வருகிறேன். எதுவும் கட்டாயம் இல்லை. ஊருக்குப் போகும்போது ஒரு வேளைக்கு உதவும், அவ்வளவுதான். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான உணவையும் பால்பவுடரையும் விளம்பரம் செய்யவே நம் நாட்டில் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1992-இல் வந்து 2003-இல் இறுக்கப்பட்ட சட்டம் அது. ஆகவே ரீல்ஸில் யாராவது புகழ்ந்தால் சந்தேகப்படு. வாங்கினால் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைப் படி. எது அதிகமோ அது முதலில் என்ற வரிசையில்தான் சேர்மானங்களைப் போடவேண்டும். சுக்ரோஸ், குளுக்கோஸ் சிரப், மால்ட்டோடெக்ஸ்ட்ரின் எல்லாம் முதல் நான்கைந்துக்குள் இருந்தால் கீழே வைத்துவிடு. பின்னால் வரப்போகும் சாக்லேட் மணக்கும் பால் மாவுகளுக்கும் இதே பார்வைதான். அவற்றை 'ஹெல்த் டிரிங்க்' பட்டியலில் வைக்கக்கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே இணையக் கடைகளுக்குச் சொல்லவேண்டி வந்தது.

ஒரு வயது முடிந்ததும் ஒரு நாள் போனில் அழுவாய்: "பெரியம்மா, எதையுமே சாப்பிட மாட்டேங்கிறா!" முதல் வருஷம் ஆறு கிலோ ஏறிய பிள்ளை அடுத்த வருஷம் இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். பசி குறைவது அதனால்தான். அப்போது பயந்துபோய்ப் பால் பால் என்று ஊற்றுவார்கள். பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு, இருக்கிற இடத்தையும் அடைத்துக்கொள்ளும். ஒரு வயதுக்கு முன் குடிக்கக் கொடுக்காதே, பிறகும் நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டாதே. கையைப் பிடித்துத் திணிப்பதும், போனைக் காட்டி விழுங்கவைப்பதும் வேண்டவே வேண்டாம். போனைப் பார்த்துச் சாப்பிடும் பிள்ளைக்கு வயிறு நிறைந்ததே தெரியாது. என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உன் பாடு, எவ்வளவு என்பது அவள் பாடு. துப்பினால் கோபப்படாதே. புதுச் சுவையை ஏற்க எட்டுப் பத்துத் தடவைகூட ஆகும். நாலு நாள் கழித்து அதையே மறுபடி வை.

பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு சாப்பிடுகிறது என்ற கணக்கு உனக்கு வேண்டாம். தடுப்பூசி அட்டையில் உள்ள எடைக் கோட்டைப் பார். அது ஏறிக்கொண்டிருந்தால் நிம்மதியாக இரு. இரண்டு மாதம் ஏறாமல் நின்றால் எனக்குப் போன் பண்ணாமல் நேரே டாக்டரிடம் போ. ஒன்பது மாதத் தடுப்பூசியோடு வைட்டமின் ஏ சொட்டும் கொடுத்தார்களா என்று மறக்காமல் கேள்.

முளைகட்டிய மாவு அரைக் கிலோ திரித்துக் கொரியரில் அனுப்பியிருக்கிறேன். தீர்ந்ததும் கேட்காதே, நீங்களே செய்துகொள்ளுங்கள்.

ஆசிகளுடன்,
பெரியம்மா