மெல்லடுக்கு உலோகங்கள்: வலிமையும் முறிவும்
(இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவர்)

எனது ஊர் கல்லங்குறிச்சி. எங்கள் சுண்ணாம்புப் பாறையில் 'கிரைஃபியா' என்னும் சிப்பிகள் மலிந்து கிடக்கின்றன. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததற்கு அவை சான்று. இப்பாறைத் தொகுதிக்குப் புவியியலார் எங்கள் ஊர்ப் பெயரையே இட்டுள்ளனர். உடைந்த சிப்பியின் ஓரத்தைப் பாருங்கள். ஏடு ஏடாக இருக்கும். சுண்ணாம்பை அடுக்கி இயற்கை இவ்வளவு உறுதி பெற்றதென்றால், உலோகத்தை அடுக்கினால் என்ன?

1970-இல் கோலர் என்ற அமெரிக்க இயற்பியலாளர், இரு உலோகங்களை மிக மெல்லிய அடுக்குகளாக மாற்றி மாற்றி அமைத்தால் வலிய திண்மம் கிடைக்கும் என்றார். பின்னர் செம்பு–நியோபிய அடுக்குகள் அதனை மெய்ப்பித்தன. அவை தனிச் செம்பையும் தனி நியோபியத்தையும் விடப் பன்மடங்கு கடினமானவை.

காரணம் என்ன?

விரித்த ஜமக்காளத்தை முழுதாக இழுப்பது கடினம். ஒரு சுருக்கத்தை உண்டாக்கித் தள்ளினால் எளிதில் நகரும். உலோகப் படிகத்திலும் அத்தகைய சுருக்கங்கள் உண்டு. அவற்றைப் 'பிறழ்வுகள்' என்போம். அவை நகர்வதால்தான் உலோகம் வளைகிறது. இரு அடுக்குகள் சேரும் எல்லை அவற்றுக்கு ஒரு வரப்பு.

அடுக்கு சற்றுத் தடிப்பாக இருந்தால் பிறழ்வுகள் வரப்பருகே வரிசையாகத் தேங்கி நின்று, முன்னிருப்பதை நெருக்கித் தள்ளும். தடிப்பு குறையக் குறைய வரிசையும் குறுகும்; வலிமை ஏறும். 1950-களில் ஹாலும் பெட்சும் எஃகின் மணிகளில் கண்ட விதியும் இதுவே. தடிப்பு சில பத்து நானோமீட்டராகும்போது வரிசைக்கே இடமில்லை. ஒற்றைப் பிறழ்வு இரு வரப்புகளுக்கிடையே வில்லாக வளைந்து ஊர்ந்தாக வேண்டும். (நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.) இன்னும் மெலிந்து சில நானோமீட்டரே ஆகிவிட்டால், பிறழ்வு வரப்பையே தாண்டிவிடும். அதன்பின் வலிமை ஏறுவதில்லை. சிலவற்றில் இறங்கவும் செய்கிறது.

முறிவு எப்படி?

மெல்லடுக்குகள் பெரும்பாலும் சீராக நீளுவதில்லை. ஓரிடத்தில் ஒரு குறுகிய பட்டையில் மட்டும் அடுக்குகள் திரும்பிச் சறுக்குகின்றன. உருக்குலைவு முழுவதும் அங்கே குவிகிறது, அங்கேயே பிளக்கிறது. வலிமை மிகுந்த அளவுக்கு முன்னறிவிப்பு குறைந்துவிடுகிறது.

கிரேன் ஓட்டும் என் தந்தையிடம் இதைச் சொன்னேன். "கம்பிவடம் அறுவதற்கு முன் இரண்டு இழை விட்டுக் காட்டும்; நாமும் விலகிக்கொள்ளலாம். சொல்லாமல் அறுவதுதான் ஆளைக் கொல்லும்" என்றார். எவ்வளவு தாங்கும் என்பதோடு, எப்படி முறியும் என்பதையும் கேட்பதே உலோகவியலின் கடமை என்பதை அன்று உணர்ந்தேன்.