மணல் போன வழி

நம்பிக்கை: கடலுக்குக் கோபம் கூடிவிட்டது, அதனால்தான் கரை போகிறது.

உண்மை: புயலும் கடல்மட்ட உயர்வும் கரையை அரிப்பது மெய்தான். ஆனால் நம் கிழக்குக் கரையில் பல ஊர்கள் கரையிழந்ததற்கு முதல் காரணம், வரவேண்டிய மணல் வராததுதான். ஆண்டில் பெரும்பகுதி அலைகள் தென்பக்கமிருந்து சாய்வாக வந்து மோதி, மணலைக் கரையோரமாகவே வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. வாடைக்காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் ஆண்டுதோறும் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே நகர்கிறது. குறுக்கே சுவர் நீட்டினால் தென்புறம் மணல் குவியும், வடபுறம் பட்டினி கிடக்கும்.

சென்னைத் துறைமுகம் 1870-களில் எழத் தொடங்கியதும் இதுவே நடந்தது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் தேய்ந்தது. மெரினாவில் சுண்டல் தின்கிறவர்கள் வடசென்னைக்குப் போயிருக்க வேண்டிய மணலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தப் பாடம் கையில் இருந்தும் புதுச்சேரியில் அதே கதை. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். சில ஆண்டுகளில் நகரத்தின் கடற்கரை காணாமல் போனது. தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொட்டும் யோசனை திட்டத்திலேயே இருந்தது. சுவர் எழுந்தது, மணல் கொட்டும் வேலை ஒழுங்காக நடக்கவில்லை.

நம்பிக்கை: பாறாங்கல்லைக் கொட்டினால் அரிப்பு நின்றுவிடும்.

உண்மை: கல்லுக்குப் பின்னாலிருக்கும் சாலை தப்பும், மணற்கரை திரும்பாது. கல்லில் மோதித் திரும்பும் அலை அடிமணலைத் தோண்டும். புதுச்சேரி நகரைக் கல் காத்தது, அரிப்பு வடக்கே நகர்ந்து தமிழ்நாட்டுக் குப்பங்களைப் பிடித்தது. தந்திராயன்குப்பம் அப்படித்தான் மாட்டிக்கொண்டது. ‘எங்களுக்கும் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல்சுவர்) போடுங்கள்’ என்று மீனவர்கள் கேட்பதில் தப்பே இல்லை. படகு நிறுத்த, வலை காயவைக்க இடம் வேண்டாமா? ஆனால் ஒரு குப்பத்துத் தூண்டில் வளைவு பிடித்துவைக்கும் மணல், அடுத்த குப்பத்துக்குச் சேரவேண்டியது.

நம்பிக்கை: தொட்டியில் அலை விட்டுப் பார்க்கும் ஆராய்ச்சியால் ஊருக்கு என்ன லாபம்?

உண்மை: அலையின் உயரம் பாதியானால் அதன் ஆற்றல் கால்பங்காகிவிடும். பார்க்க முடியாத ஆழத்தில் ஒரு திட்டு இருந்தாலும் அலை அதன்மேல் உடைந்து வலுவிழக்கும், கரைப்பக்கம் மணல் படியும். தொட்டிச் சோதனைகள் காட்டும் இந்தக் கணக்கை நம்பித்தான் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2018-ல் புதுச்சேரிக் கரைக்கு அருகே ஆப்பு வடிவ எஃகுத் திட்டு ஒன்றை மூழ்கடித்தது. துறைமுக வாயிலில் தூர்வாரிய மணலையும் கரையில் கொட்டினார்கள். நகர மக்கள் மறுபடி மணலில் கால் வைத்தார்கள்.

திட்டு மட்டும் போதாது, மணலும் வந்துகொண்டே இருக்கவேண்டும். அதற்குத் தூர்வாருவதும் வடக்கே கொட்டுவதும் ஆண்டுதோறும் செய்யவேண்டிய வேலை, ஆண்டுதோறும் செலவு. துறைமுகம் புதுச்சேரி அரசுடையது. அரிப்பில் வீடிழக்கும் தந்திராயன்குப்பமும் பொம்மையார்பாளையமும் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கின்றன. அந்தச் செலவை இரு அரசுகளும் ஒரே கணக்கில் எழுதாதவரை, அடுத்த குப்பத்துக்கும் கல் லாரிதான் வரும்.